எங்கள் வீட்டு நாட்டுப்புற இசைத்தட்டுகள்: எப்படி அடுக்குவது, யாரிடம் கொடுப்பது?

பழையதட்டு (ஜெனீவா):

வணக்கம். நானும் மனைவியும் பல வருடங்களாகச் சேர்த்த இசைத்தட்டுகளைப் பற்றி உங்களிடம் யோசனை கேட்கத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் பெரும்பாலும் இருப்பவை சினிமாப் பாட்டுகளோ கச்சேரிகளோ அல்ல. பல நாட்டு ஊர்ப்பாட்டுகள். தாலாட்டு, அறுவடைப் பாட்டு, கல்யாணப் பாட்டு, ஒப்பாரி, ஆடு மேய்ப்பவர்கள் ஊதும் குழல். ஜெனீவாவில் பிளான்பலே மைதானத்தில் புதன், சனிக்கிழமைகளில் பழைய சாமான் சந்தை கூடும். ஐ.நா. அலுவலகங்களில் இருந்தவர்கள், ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் வீட்டைக் காலி செய்யும்போது அவர்களுடைய தட்டுகள் அங்கேதான் வந்து சேரும். எங்களுடையதில் பெரும்பகுதி அந்தச் சந்தையில் வாங்கியது.

அதிகம் இருப்பவை ஃபோக்வேஸ் வெளியீடுகள். மோசஸ் ஆஷ் என்பவர் மேரியன் டிஸ்ட்லருடன் சேர்ந்து 1948இல் நியூயார்க்கில் தொடங்கிய நிறுவனம் அது. கெட்டியான கறுப்பு அட்டை உறை, அதன்மேல் பாதிக்கு ஒட்டிய தாள், உள்ளே ஒரு சிறு புத்தகம். பாட்டின் வரிகள், பொருள், பதிவு செய்த ஊர், வாத்தியத்தின் விவரம் எல்லாம் அந்தப் புத்தகத்தில் இருக்கும். அடுத்து பிரான்ஸின் ஓகோரா. அப்புறம் அலன் தானியேலு பொறுப்பில் 1960களில் வரத் தொடங்கிய யுனெஸ்கோ வரிசை. அமெரிக்காவின் நன்சச் எக்ஸ்புளோரர் வரிசையும் ஓரளவு உண்டு. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பல்கேரியாவின் பல்கான்டன், ருமேனியாவின் எலெக்ட்ரெகார்ட், சோவியத் நாட்டின் மெலோதியா.

ஊர்ப்பெருமையாக ஒன்றும் உண்டு. ருமேனியாவின் கான்ஸ்டான்டின் பிரெய்லோயு 1944இல் இதே ஜெனீவாவில் ஓர் உலக நாட்டுப்புற இசை ஆவணக் காப்பகத்தைத் தொடங்கினார். 1951 முதல் 1958 வரை 40 தட்டுகள் கொண்ட ஒரு வரிசையையும் வெளியிட்டார். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டுகள் அவை. அந்த மூலத் தட்டுகள் எங்களிடம் இல்லை. 1984இல் நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டுகளாக வந்த மறுபதிப்பு முழுசாக இருக்கிறது.

தட்டுகளோடு என் மனைவி எழுதிய அட்டைகளும் உண்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் அட்டை. பாடியவர், ஊர், மொழி, பாட்டின் சந்தர்ப்பம், பதிவு செய்தவர், வருடம், தட்டை எங்கே வாங்கினோம் என்பது வரை அதில் இருக்கும்.

இப்போது சின்ன வீட்டுக்கு மாறப் போகிறோம். இரண்டு கேள்விகள். நான் நாடுவாரியாக அடுக்கலாம் என்கிறேன். அவர் பாடியவர் பெயரை வைத்துத் தேடக் கிடைக்கும்படி இருக்க வேண்டும் என்கிறார். எது சரி? எங்களுக்குப் பிறகு இது சிதறாமல் இருக்க யாரிடம் கொடுக்கலாம்?

மழைக்குருவி (கோயம்புத்தூர்):

ஐயா, படிக்கும்போதே ஆசையாக இருக்கிறது. நான் இதையெல்லாம் ஃபோனில்தான் கேட்கிறேன். அதில் பாட்டு வரும், படம் வரும், அந்தச் சிறு புத்தகம் வராது. யார் பாடியது என்று தேடினால் பெரும்பாலும் நாட்டின் பெயர்தான் கிடைக்கும். எல்லாத் தட்டிலும் பாடியவர் பெயர் இருக்குமா? அம்மா எழுதிய அட்டை ஒன்றையாவது இங்கே தட்டச்சு செய்து போட முடியுமா?

ஊசிமுனை (சென்னை):

அண்ணா, வீடு மாறுவதற்கு முன் சில விஷயங்கள். நான் ரிக்கார்ட் பிளேயர் பழுது பார்க்கிறவன்.

தட்டுகளை நிறுத்தித்தான் வைக்க வேண்டும், படுக்கவைத்து அடுக்கினால் அடியில் இருப்பது வளையும். சாய்ந்து நின்றாலும் அதே கதி. உறையோடு ஓர் அடி அகலத்துக்கு அடுக்கினாலே 15 கிலோவுக்கு மேல் வந்துவிடும், அதனால் புத்தக அலமாரியின் மெல்லிய பலகையை நம்பாதீர்கள். வெளியே போட்டிருக்கிற பழைய பி.வி.சி. உறைகளைக் கழற்றிவிடுங்கள். நாளாக ஆக அவை தட்டின்மேல் பூத்தது போலப் படிந்துவிடும், அதைத் துடைத்து எடுக்க முடியாது.

சுத்தம் செய்ய வினைல் தட்டுக்கு வடித்த தண்ணீரும் துளி ஐசோபிரொப்பைல் ஆல்கஹாலும் போதும். 78 சுற்று அரக்குத் தட்டுகளில் ஆல்கஹாலைக் காட்டவே கூடாது. அரக்கு அதில் கரையும்.

அடுக்குவது எப்படி என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். தட்டுக்கு அதனால் கேடு ஒன்றும் இல்லை.

நாடோடி77 (பாரிஸ்):

எனக்குக் கருத்து இருக்கிறது. நாடுவாரியாகவும் வேண்டாம், பெயர்வாரியாகவும் வேண்டாம். வெளியிட்ட நிறுவனத்தின்படி அடுக்குங்கள், அதிலும் வரிசை எண் மாறாமல்.

காரணம் சொல்கிறேன். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு பார்வை உண்டு. ஓகோராவை எடுத்துக்கொள்ளுங்கள். பியர் ஷேஃபர் 1950களில் பிரெஞ்சு ஆப்பிரிக்காவின் வானொலி நிலையங்களுக்காக உருவாக்கிய அமைப்பிலிருந்து வளர்ந்தது அது. சார்ல்ஸ் துவெல் அதன் பொறுப்பில் இருந்தபோது பதிவும் அவரே, படமும் அவரே. அந்தத் தட்டுகளை அடுத்தடுத்துக் கேட்டால் ஒலிவாங்கியை எங்கே வைக்க வேண்டும், எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று ஒருவர் எப்படி யோசித்தார் என்பது தெரியும். பதிவு செய்தவரின் காது அது. நாடுவாரியாகக் கலைத்தால் அது போய்விடும்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ள வேண்டாம். பல்கேரியத் தட்டுகள் இருப்பதாகச் சொன்னீர்கள். அவற்றில் வானொலிப் பெண்கள் குழுவின் பாட்டுகளும் இருந்தால், அவற்றை நாட்டுப்புற அலமாரியில் வைக்கலாமா? ஃபிலிப் கூதேவ் போன்ற இசையமைப்பாளர்கள் ஊர்ப்பாட்டை எடுத்து, பல குரல்களுக்குப் பிரித்து எழுதி, தேர்ந்தெடுத்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பாடவைத்தது அது. 1950களில் அரசாங்கம் கட்டி எழுப்பிய மேடைக்கலை. அழகானது, மறுக்கவில்லை. ஆனால் வயலில் பாடியது அல்ல.

அட்டைப்பெட்டி (ஜெனீவா):

வணக்கம், அட்டைகளை எழுதியது நான்தான். தம்பி மழைக்குருவி கேட்டது போலவே ஓர் அட்டையை அப்படியே தருகிறேன்:

பாடியவர்: அஃபுனாக்வா. ஊர்: மலைத்தா, சாலமன் தீவுகள். மொழி: பாயேகு. சந்தர்ப்பம்: தாலாட்டு. பெற்றோரை இழந்த தம்பியை மூத்த பிள்ளை தேற்றுவது. பதிவு: ஹூகோ ஸெம்ப், 1970. தட்டு: யுனெஸ்கோ வரிசை, பிலிப்ஸ், 1973.

இந்த அட்டையை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்றும் சொல்ல வேண்டும். 1992இல் டீப் ஃபாரஸ்ட் என்ற குழு இந்தக் குரலை எடுத்து, கீழே தாளம் சேர்த்து வெளியிட்டது. உலகம் முழுக்க விற்றது. தன் சம்மதம் முறையாகப் பெறப்படவில்லை என்று ஸெம்ப் 1996இல் ஆய்விதழ் ஒன்றில் விரிவாக எழுதினார். அதே வருடம் நார்வேயின் யான் கார்பரெக் இந்த மெட்டைத் தன் சாக்ஸஃபோனில் வாசித்து வெளியிட்டபோது அதற்கு வைத்த பெயர் 'பிக்மி தாலாட்டு'. பாட்டு பசிபிக் தீவில் பிறந்தது. பிக்மி மக்கள் இருப்பது மத்திய ஆப்பிரிக்காவில். பாடியவரின் பெயர் தட்டை விட்டுப் பிரிந்த பிறகு பாட்டு கடல் தாண்டி வேறு யாருடையதாகவோ ஆகிவிட்டது.

நாசா 1977இல் வாயேஜர் விண்கலங்களில் அனுப்பிய தங்கத் தட்டிலும் இது நடந்திருக்கிறது. நாடோடி தம்பி சொன்ன அதே துவெல் பதிவு செய்த தாளம் ஒன்று அதில் உண்டு. 'செனகல், தாளவாத்தியம்' என்றே காலம் காலமாக எழுதிவந்தார்கள். 2017இல் அந்தத் தட்டை வினைலில் மறுபதிப்பு செய்தபோதுதான் அது பெனின் நாட்டு மஹி மக்களின் இசை என்று சரியாக அச்சானது. நியூ கினியா ஆண்கள் பாட்டு என்று மட்டும் இருந்ததற்கும் அப்போதுதான் பிராணிஸ் பண்டாங், கும்புய் என்று இரண்டு பெயர்கள் சேர்ந்தன.

பதிவு செய்தவரின் காது முக்கியம் என்றால் பாடியவரின் குரல் அதைவிட முக்கியம் இல்லையா? உறையில் பெரிய எழுத்தில் பதிவு செய்தவர் பெயர் இருக்கும். பாடியவர் 'கிராமத்துப் பெண்', 'மேய்ப்பர்' என்று உள்தாளில் ஓரமாக இருப்பார். சில தட்டுகளில் அதுவும் இல்லை. என் பெட்டியில் பாடியவர் என்ற இடம் காலியாக இருக்கிற அட்டைகள் நிறைய. அவற்றைத் தனி நிறத்தில் எழுதியிருக்கிறேன்.

மழைக்குருவி:

அம்மா, அந்தத் தாலாட்டை நான் டீப் ஃபாரஸ்ட் வழியாகத்தான் கேட்டிருக்கிறேன். அது ஆப்பிரிக்கப் பாட்டு என்றுதான் இதுவரை எல்லோரிடமும் சொல்லிவந்தேன். இனி அஃபுனாக்வா பெயரைச் சொல்லித்தான் பகிர்வேன்.

பழையதட்டு:

நாடோடி தம்பிக்குப் பதில். பல்கேரியப் பெண்கள் குழுவின் தட்டு எங்கள் வீட்டில் இருக்கிறது. நாட்டுப்புற அலமாரியில்தான் இருக்கிறது, இனியும் அங்கேயேதான் இருக்கும்.

அந்தத் தட்டை வெளியே கொண்டுவந்தவர்கள் எங்கள் பக்கத்துக்காரர்கள். மார்செல் செல்லியே, அவர் மனைவி கேத்தரின். பனிப்போர் ஐரோப்பாவை இரண்டாகப் பிரித்திருந்த காலத்தில், 1950களிலிருந்தே இருவரும் காரில் ருமேனியாவுக்கும் பல்கேரியாவுக்கும் போய் வந்தார்கள். ஊர்ப்பாட்டுகளைப் பதிவு செய்தார்கள், தட்டுகள் வாங்கி வந்தார்கள். மார்செல் இங்குள்ள பிரெஞ்சு மொழி வானொலியில் அந்த இசைக்கென்றே நெடுங்காலம் நிகழ்ச்சி நடத்தினார். ருமேனியாவின் பான் குழல் கலைஞர் கியோர்கே ஸம்ஃபிரை மேற்கு நாடுகள் அறிந்ததும் இவர் வழியாகத்தான். ஸம்ஃபிர் குழல் ஊத, செல்லியே தேவாலய ஆர்கன் வாசித்த தட்டு எங்களிடம் உண்டு. கேத்தரின் இல்லாமல் இது எதுவும் நடந்திருக்காது. ஆனால் உறைகளில் பெரும்பாலும் அவர் பெயரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இருவரைப் பற்றியும் 2012இல் ஓர் ஆவணப்படம் வந்தது. மறுவருடம் மார்செல் காலமானார்.

'பல்கேரியக் குரல்களின் மர்மம்' என்ற பொருளில் பிரெஞ்சுத் தலைப்போடு 1975இல் தன் சொந்த நிறுவனத்தில் அவர் வெளியிட்ட தட்டு பத்து வருடம் இங்கே சிலர் மட்டுமே கேட்ட தட்டாக இருந்தது. 1986இல் லண்டனின் 4ஏடி நிறுவனம் அதை மறுபடி வெளியிட்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இரண்டாவது தொகுதிக்கு 1990இல் கிராமி விருது கிடைத்தது.

இசையமைத்தது என்பதால் நாட்டுப்புறம் இல்லை என்று தள்ள என்னால் முடியாது. பாடிய பெண்கள் பலர் ஊர்களிலிருந்து வந்தவர்கள். தொண்டையைத் திறந்து பாடும் அந்த முறை அவர்கள் வீட்டில் கற்றது. ஸ்வரங்களை எழுதியவர் கல்லூரியில் படித்தவராக இருக்கலாம், குரல் எங்கிருந்து வந்தது?

நாடோடி77:

அண்ணா, குரல் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்களிடம் நன்சச் வரிசை இருக்கிறது என்றீர்களே, அதில் மார்ட்டின் கீனிக், எத்தெல் ரெய்ம் இருவரும் பல்கேரிய ஊர்களில் பதிவு செய்த 1970ஆம் வருடத் தட்டு இருக்கிறதா? ரொடோப்பே மலையின் வால்யா பால்கன்ஸ்கா அதில் பாடியிருப்பார். இரண்டு பெரிய தோல்பை நாதஸ்வரங்கள் மட்டும் பக்கத்தில். அந்தப் பாட்டும் வாயேஜரில் போனதுதான்.

அதையும் குழுவின் பாட்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பால்கன்ஸ்கா மூச்சு எடுக்கும் இடம் அவராகத் தீர்மானித்தது. குழுவில் மூச்சு எடுக்கும் இடத்தைக்கூட நடத்துனர் சொல்லிவிடுவார். இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கட்டும், ஆனால் அட்டையில் இந்த வேறுபாட்டை எழுதுங்கள். 'அமைத்தவர்' என்று ஓர் இடம் வேண்டும்.

அக்கா சொன்ன பெனின் விஷயம் எனக்குப் புதிது. துவெல்லின் காதைப் பற்றி நான் சொன்னது அப்படியே நிற்கிறது, ஆனால் அந்தத் தாளத்தை நானும் செனகல் என்று எண்ணிக் கேட்டவன்தான்.

அட்டைப்பெட்டி:

தம்பி, அந்த நன்சச் தட்டு இருக்கிறது. 'அமைத்தவர்' என்ற இடமும் இன்றிலிருந்து உண்டு. கூதேவ் பெயர் அங்கே போகும். நல்ல யோசனை.

நன்சச் வரிசையில் எனக்கு வேறொரு சங்கடமும் உண்டு. நம் ராம்நாடு கிருஷ்ணன் 1960களின் கடைசியில் பாடிய தட்டும் அதே எக்ஸ்புளோரர் வரிசையில்தான் வந்தது. மிருதங்கம் டி. ரங்கநாதன். பாலித்தீவின் கேமலான் வாத்தியக் குழு, பல்கேரிய மேய்ப்பர் பாட்டு, கர்நாடகக் கச்சேரி எல்லாம் ஒரே வரிசை. நிறுவனத்தின்படி அடுக்கினால் அவர் மேய்ப்பருக்குப் பக்கத்தில் உட்காருவார். நாட்டுப்படி அடுக்கினால் ராஜஸ்தானின் லங்கா என்ற சமூகத்துப் பாடகர்களுக்குப் பக்கத்தில். அவருக்கு அவமானம் என்று இல்லை. வெளியிட்டவர்களுக்கு ஐரோப்பாவுக்கு வெளியே இருந்த எதுவும் ஒரே அறையில் அடைக்கக்கூடியதாகத் தெரிந்தது, அதுதான் என் வருத்தம்.

வடதுருவம் (டொரன்டோ):

இழையை முழுவதும் படித்தேன். நான் ஒரு நூலகத்தில் ஒலிப்பதிவுப் பிரிவில் இருக்கிறேன். இரண்டாவது கேள்விக்கு யாரும் இன்னும் வரவில்லை, அதற்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். கேட்கக் கொஞ்சம் கடினமாக இருக்கும்.

முழுத் தொகுப்பையும் அப்படியே எந்தக் காப்பகமும் எளிதில் வாங்கிக்கொள்ளாது. காரணம் அலட்சியம் இல்லை. நீங்கள் நேசிக்கிற தட்டுகளில் பாதிக்கு மேல் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும். ஃபோக்வேஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஷ் 1986இல் இறந்தார், மறுவருடம் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனம் அதை வாங்கியது. அவர் வெளியிட்ட 2,168 தலைப்புகளில் ஒன்றுகூட விற்பனையிலிருந்து போகக் கூடாது என்பது நிபந்தனை. விற்கிறதோ இல்லையோ, எல்லாம் கிடைக்க வேண்டும். இன்றும் கிடைக்கின்றன, உள்ளே இருக்கும் சிறு புத்தகத்தையும் ஸ்கேன் செய்து அவர்களே இணையத்தில் வைத்திருக்கிறார்கள். மழைக்குருவி, நீங்கள் தேடியது அங்கே இலவசமாக இருக்கிறது. யுனெஸ்கோ வரிசையும் 2010இல் அவர்களிடம் வந்துவிட்டது. பிரெய்லோயுவின் காப்பகம் உங்கள் ஊர் இனவியல் அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது. அங்கே போய் மறுபதிப்பைக் கொடுத்தால் மரியாதையாக மறுப்பார்கள்.

ஆகவே முதலில் பிரிக்க வேண்டியது நாடோ பெயரோ அல்ல. மறுபதிப்பு வந்ததையும் வராததையும் பிரியுங்கள். எலெக்ட்ரெகார்ட், பல்கான்டன், மெலோதியா போன்ற இடங்களில் அந்தந்த நாட்டுக்கென்று மட்டும் அடித்த தட்டுகள் நிறைய உண்டு. அவற்றில் பல எங்கும் டிஜிட்டலாக இல்லை. பொலிவியாவில் பணியாற்றியவர் அங்கேயே வாங்கியது போல உள்ளூர்ச் சிறு நிறுவனங்களின் தட்டுகள் இருந்தால் அவை இன்னும் முக்கியம். 45 சுற்றுச் சின்னத் தட்டுகளைத் தள்ளிவிடாதீர்கள். பல நாடுகளில் ஊர்ப்பாட்டு வந்ததே அவற்றில்தான்.

அப்புறம் அந்த அட்டைகள். உங்கள் வீட்டில் இருப்பவற்றில் உலகத்தில் வேறெங்கும் பிரதி இல்லாதது அவைதான். எந்தச் சந்தையில், யாருடைய வீட்டுத் தட்டாக வந்தது என்பதை அக்கா எழுதியிருக்கிறார் என்றால், அந்தத் தட்டு எந்த வழியாகப் பயணம் செய்தது என்பதற்குச் சாட்சி அது. தட்டுகள் வேண்டாம் என்று சொல்லும் காப்பகம்கூட அட்டைகளை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளும். அட்டையையும் தட்டையும் இணைக்கும் எண் மட்டும் இருக்க வேண்டும்.

மழைக்குருவி:

ஃபோக்வேஸ் புத்தகங்களை இறக்கிவிட்டேன், மிக்க நன்றி. வடதுருவம் அக்கா, நம் ஊர்ப் பதிவுகள் இப்படி எங்காவது இருக்கின்றனவா?

வடதுருவம்:

இருக்கின்றன, அதுவும் தம்பதிகளின் கதைதான். அர்னால்ட் பாக்கே என்ற ஹாலந்துக்காரர் மனைவி கார்னிலியாவோடு இந்தியாவில் பல வருடம் தங்கிப் பதிவு செய்தவர். 1938-39இல் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் பக்கம் வந்தார். 1984இல் நாசிர் ஜெய்ராஜ்போயும் மனைவி எமி கேட்லினும் அந்தப் பதிவுகளைக் கையில் எடுத்துக்கொண்டு அதே இடங்களுக்குப் போனார்கள். பாடியவர்களையும் அவர்கள் வாரிசுகளையும் தேடி, பழைய ஒலியைப் போட்டுக் காட்டி, எது மாறியது, எது நின்றது என்று புத்தகமும் வீடியோவும் செய்தார்கள். 1982இல் புனேயில் தொடங்கி, பிறகு குர்கானுக்கு மாறிய இசையியல் ஆவண மையத்துக்கு ஜெய்ராஜ்போய்தான் முதுகெலும்பு. வெளிநாட்டார் இங்கே செய்த பதிவுகளின் பிரதியை இந்தியாவுக்குத் திரும்பக் கொண்டுவருவது அதன் முதல் வேலை.

பாக்கே குறித்துவைத்த ஊரும் தேதியும் இல்லாவிட்டால் 1984இல் யாரைப் போய்த் தேடியிருப்பார்கள்?

அட்டைப்பெட்டி:

இதைக் கேட்டதும் ஹ்யூ ட்ரேசியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அட்டை எழுதும் பழக்கமே அவரிடமிருந்து வந்தது. தென்னாப்பிரிக்காவில் 1954இல் ஆப்பிரிக்க இசைக்கான நூலகம் தொடங்கி, 'ஆப்பிரிக்காவின் ஒலி' வரிசையில் 210 தட்டுகள் வெளியிட்டவர். பாடியவர் பெயர், இனம், மொழி, சுருதி வரை எழுதிய நூலக அட்டைகளும் தட்டோடு வரும். சந்தையில் அந்த வரிசைத் தட்டுகள் சில ஒரு பெட்டியில் அட்டைகளோடு கிடைத்தன. அப்போதே முடிவு செய்தேன், எங்கள் எல்லாத் தட்டுக்கும் இப்படி வேண்டும் என்று.

1950இல் கென்யாவின் கிப்சிகிஸ் பெண்கள் பாடியதை அவர் பதிவு செய்தார். அமெரிக்கக் கிராமியப் பாடகர் ஜிம்மி ரோஜர்ஸின் தட்டுகள் அந்த ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. அந்தப் பெண்கள் அவரைப் பாதி மனிதன், பாதி மான் என்று எண்ணி ஒரு பாட்டே கட்டிவிட்டார்கள். பாடிய பெண்ணின் பெயர் செமுதோய் கெத்தியென்யா என்று ட்ரேசி குறித்துவைத்திருக்கிறார். அறுபது வருடத்துக்கும் மேல் கழித்து அந்த நூலகத்தார் பதிவுகளை எடுத்துக்கொண்டு அதே ஊர்களுக்குப் போய்க் கொடுத்தார்கள். அன்று பாடியவர்களில் சிலர் உயிரோடு இருந்தார்கள்.

ட்ரேசி வெள்ளை ஆட்சிக் காலத்து மனிதர், அவரிடம் எனக்கு ஒப்பாத விஷயங்கள் உண்டு. ஆனால் பெயரை எழுதினார். அதனால்தான் திரும்பக் கொடுக்க முடிந்தது.

நாடோடி77:

அக்கா, என் கட்சியை விட்டுக்கொடுக்கிறேன். தட்டுகள் நிறுவன வரிசையில் அலமாரியில் இருக்கட்டும், தேடுவது பாடியவர் பெயர் அட்டைகளில் நடக்கட்டும். அலமாரிக்கு ஒரு முறை, அட்டைப்பெட்டிக்கு ஒரு முறை. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

ஊசிமுனை:

நாடோடி சொல்வதுதான் சரி என்று எனக்கும் படுகிறது.

மறுபதிப்பு வராத தட்டுகளை டிஜிட்டல் ஆக்கப் போகிறீர்கள் என்றால்: 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. எம்பி3 கேட்பதற்கு மட்டும். இரைச்சல் நீக்கும் மென்பொருளை மூலக் கோப்பில் ஓட்டாதீர்கள். தோல்பை வாத்தியங்களின் ரீங்காரத்தை அது இரைச்சல் என்று எண்ணி அரித்துவிடும். 78 சுற்றுத் தட்டு இருந்தால் அதற்கு எல்.பி. ஊசி ஆகாது. பள்ளம் அகலம், மூன்று மடங்கு தடித்த முனை வேண்டும். 1954க்கு முந்தைய எல்.பி.களில் தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைக் கூட்டிக் குறைத்துப் பதியும் அளவு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு மாதிரி. ஆரம்பகால ஃபோக்வேஸ் தட்டு கீச்சென்று கேட்டால் தட்டைக் குறை சொல்ல வேண்டாம், ஆம்ப்ளிஃபையர் இன்றைய அளவில் வாசிக்கிறது.

பாட்டுப் பாட்டாக வெட்டாமல் ஒரு பக்கத்தை முழுசாகப் பதிவு செய்யுங்கள். தட்டில் இருக்கும் எண்ணையே கோப்புக்குப் பெயராக வையுங்கள். நடுவில் லேபிளுக்குப் பக்கத்தில் கீறியிருக்கிற எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள், எந்த அச்சு என்று அதில்தான் தெரியும்.

வடதுருவம்:

யூடியூபில் ஏற்றும் ஆசை வரும். பொறுங்கள். ஒலிப்பதிவு உரிமை ஐரோப்பாவிலும் சுவிட்சர்லாந்திலும் 70 வருடம், இந்தியாவில் 60. உங்கள் தட்டுகளில் பெரும்பாலானவை இன்னும் அதற்குள் இருக்கும். கோப்பை வைத்துக்கொள்ளலாம், காப்பகத்துக்குக் கொடுக்கலாம்.

சட்டம் ஒரு பக்கம். சில சடங்குப் பாட்டுகள் அந்த மக்களுக்குள்ளேயே எல்லோரும் கேட்கக் கூடாதவை. நியூ கினியா, ஆஸ்திரேலியப் பழங்குடிப் பதிவுகளில் இது அதிகம். தட்டாக வந்துவிட்டது என்பதற்காகத் திறந்து போட வேண்டியதில்லை. அட்டையில் ஒரு குறி வைத்துவிடுங்கள்.

பழையதட்டு:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிட்டோம்.

அலமாரி நிறுவன வரிசைப்படி. அட்டைகள் பாடியவர் பெயர்ப்படி. பெயர் இல்லாதவை ஊர்ப்படி, தனிப் பெட்டியில். ஃபோக்வேஸ், யுனெஸ்கோ தட்டுகளை நாங்கள் இருக்கும்வரை கேட்போம். பிறகு இசை படிக்கும் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். ருமேனிய, பல்கேரிய, சோவியத் தட்டுகளில் மறுபதிப்பு வராதவற்றைப் பட்டியலிட்டு, அட்டைகளின் நகலோடு இங்குள்ள அருங்காட்சியகத்துக்கு எழுதப் போகிறோம். அவர்கள் எடுக்காவிட்டால் சோஃபியாவிலும் புக்கரெஸ்டிலும் கேட்போம். தட்டு பிறந்த ஊருக்கே போவது எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது.

ஒரு கேள்வி மிச்சம். மெலோதியா தட்டுகளில் ஜார்ஜியப் பாட்டுகள் சில இருக்கின்றன. உறையில் ரஷ்ய எழுத்தும் ஜார்ஜிய எழுத்தும் கலந்து வருகின்றன. என் மனைவிக்கு ரஷ்ய எழுத்து கூட்டிப் படிக்க வரும், ஜார்ஜிய எழுத்து வராது. பெயர்களை எழுதித் தர யாராவது உதவ முடியுமா?

மழைக்குருவி:

ஐயா, என்னோடு வேலை செய்கிற ஒருவர் திபிலிசியில் மருத்துவம் படித்துத் திரும்பியவர். ஜார்ஜிய எழுத்து படிப்பார். உறையின் முன், பின், நடு லேபிள் மூன்றையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து இங்கேயே போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவரோடு உட்கார்ந்து எழுதி அனுப்புகிறேன்.

அட்டைப்பெட்டி:

படங்களை இன்று மாலையே போடுகிறேன் தம்பி. முதலில் ஜார்ஜியாவின் குரியா பகுதிப் பாட்டுத் தட்டு. மூன்று பேர் பாடுகிறார்கள், மூன்று பெயரும் வேண்டும்.